கூரையில்லாத குசினிச் சுவர்

போன மாதம் ஒரு காலையில் கந்தோரிலிருந்து, நான் வேலை செய்த அலுவலகத்திலிருந்து, என்னைத் தேடி ஆள் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு கந்தோர் ஆட்கள் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர் புதிதாக நியமனம் பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் இர்பான். கொப்பி அளவில் ஒரு திரை வைத்திருந்தார். இப்போது வீடு அளக்க ரேப், அந்த அளவு நாடா, தேவையில்லையாம். பறக்கும் கமெரா ஒன்றை மேலே விட்டு, கடற்கரைத் தெரு முழுவதையும் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் படம் எடுத்துவிடுகிறார்கள். அதே தெருவை அளக்க நான் மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன்.

"காக்கா, இந்த வளவப் பாருங்க. வீட்டுக்குப் பின்னால வெள்ளக் கோடு மாதிரி ஒண்டு இரிக்கி. மதிலெண்டா வளவச் சுத்தி ஓடணும். இது வீட்டு மூலைல தொடங்கி கொஞ்சத் தூரம் ஓடி அப்படியே நிண்டிட்டு. மேல கூரையும் இல்ல. முன் சுவரும் கோணல். மெஷின் ரெண்டுக்கும் சிவப்புப் போட்டிரிக்கி. நோட்டீஸ் அனுப்பலாமா, வேணாமா எண்டு கேக்கிறதுக்கு உங்கள உட்டா ஆளில்ல."

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அந்த வளவை எத்தனையோ தரம் மிதித்திருக்கிறேன். மேலிருந்து பார்த்ததில்லை. றஹ்மத்தும்மாவின் வீடு. பின்னால் சுண்ணாம்பு பூசிய அந்தச் சுவர் பச்சைத் தென்னோலைகளுக்கு நடுவே பல் மாதிரித் தெரிந்தது.

விசயத்தைச் சொன்னேன். அவர் திரையை மடியில் வைத்துவிட்டு அசையாமல் கேட்டார். முடிந்ததும், "இத எழுதித் தாங்க காக்கா, எங்கட ஆக்கள் வாசிக்கணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓரிடத்தில் கால் தரிக்காத பிறப்பு. கோமாரியில் கரைவலை இழுத்தேன். வயல் வட்டைகளில் அறுவடைக்குப் போனேன். மருதமுனையில் ஒரு தறிக்கொட்டிலில் நூல் சுற்றினேன். மீன் லொறியில் ஐஸ் உடைத்துக்கொண்டு கொழும்புவரை போய் வந்தேன். சவூதியில் ஒரு பண்ணையில் ஆடு மேய்த்தேன். அங்கே முதலாளியின் ஆடுகளுக்குப் பெயர் இருந்தது, எனக்கு இல்லை. திரும்பி வந்து ஊரில் இருந்தபோது அலை வந்தது. எனக்கு மூத்தவரான என் ராத்தாவும் அவருடைய பிள்ளைகள் இருவரும் போனார்கள். நான் ஒரு தென்னையில் ஏறியிருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இடிபாடு அள்ளக் கந்தோரில் நாட்கூலிக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். ஒரு நாள் அப்போதைய உத்தியோகத்தர், நாங்கள் பெரிய சேர் என்று அழைப்பவர், வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, "ரேப்ப நேராப் பிடிக்கத் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார். வலைக்கயிறு பிடித்த கைதானே என்று கையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ரேப்பின் மறு முனை என் கையில்தான் இருந்தது. ஊரில் என் பெயரே ரேப் காக்கா, ரேப் அண்ணன், என்றாகிவிட்டது.

அலைக்குப் பிறகு கடலோரம் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கடல் பக்கம் இனி வீடு கட்டக்கூடாது. சரி. ஆனால் கோடு போடுவதற்கு முன்பே அங்கே நின்றவை, அலைக்கும் விழாமல் நின்றவை, அவற்றை என்ன செய்வது? அதற்காகத்தான் பெரிய சேரும் நானும் வீடு வீடாக அளந்து ஒரு தடித்த புத்தகம் செய்தோம். கந்தோரில் அதற்குப் பழைய வீட்டுப் புத்தகம் என்று பெயர். அதில் பெயர் ஏறிய வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். பெயர் ஏறாத கோழிக்கூட்டுக்குக்கூட அங்கே இடமில்லை.

பெரிய சேர் மாற்றலாகிப் போனபின் ஹாஜரா மிஸ் வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் வாரமே அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். அப்படி வாசித்த வேறு ஆளை நான் கண்டதில்லை. சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான், அதுவும் மூன்று வரியில்.

"பழைய வீட்ட மனுசன் மாதிரி நெனச்சுக்கங்க காக்கா. இருக்கிற மாதிரி இருக்கலாம். நோய் வந்தா மருந்து செய்யலாம். மௌத்தானா எழுப்ப ஏலா."

அதாவது, நிற்கிற வீட்டைத் திருத்தலாம். கூட்டிக் கட்டக்கூடாது. சுவர்களில் அரைவாசிக்கு மேல் போய்விட்டால், அலை தள்ளினாலும் ஆள் தள்ளினாலும், வீடு மௌத்து. அந்த இடத்தில் பிறகு ஒரு கல்லும் வைக்க முடியாது.

மிஸ்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். கொடுத்ததைக் குடிக்காமல் எழும்புவது அவமரியாதை. குடித்துவிட்டு அந்த வீட்டுக்கு எதிராக எழுதுவது அதைவிட மோசம். மிஸ் திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிப்பார். வீடு பார்க்கப் போவதை எல்லாம் அந்த இரண்டு நாளுக்கே வைத்துக்கொள்வார். "நோன்பு" என்று சொன்னால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள், அது பொய்யுமில்லை. ஊர் ஆட்கள் வேடிக்கையாக, "கந்தோர் மிஸ்ஸுக்கு வருசம் முழுக்க றமழான்" என்பார்கள். எனக்கு நோன்பில்லை. அவருக்கு வந்த தேத்தண்ணியையும் சேர்த்து நான்தான் குடிப்பேன்.

கடற்கரை வீடுகள் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் இந்த வகை இருந்தது. குடியிருப்புத் தெரு என்று பிறகு அறிவித்த ஒரு தெருவில் மீராசா காக்காவின் பழைய பேக்கரி. புதிதாக யாரும் அங்கே பேக்கரி போட முடியாது. ஆனால் அவருடைய போறணை அறிவிப்புக்கு மூத்தது. எரியும்வரை எரியலாம், பல மாதம் அணைந்து கிடந்தால் உரிமை போய்விடும். அவருடைய மகன்மார் வெளிநாடு போனபின் கடையின் பலகைக் கதவு சாத்தியே கிடந்தது. பேக்கரி செத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டார்.

நாங்கள் போன நேரம் மீராசா காக்கா வாசலில் சும்மா இருந்தார். மிஸ் நேரே உள்ளே போய், சட்டைக் கையை மடித்து, போறணையின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டார். வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். "சூடு இரிக்கி" என்றார்.

"கிழமைக்கு ஒருக்கா மூட்டுவன் மகள். ஒரு தட்டுப் பாண். அயல்ல உள்ள புள்ளைகளுக்குக் குடுத்திருவன். நெருப்ப அணைய உட்டா நீங்க வந்து என்னத் தட்டிருவீங்க எண்டு தெரியும்."

"ஒரு தட்டு காணுமா மிஸ்?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"எத்தனை பாண் எண்டு சட்டத்துல இல்ல காக்கா. நெருப்பு இரிக்கா இல்லையா எண்டுதான் இரிக்கி."

விற்பனையில்லாத பாணைச் சுட்டுச் சுட்டு ஒரு கிழவன் தன் உரிமையை உயிரோடு வைத்திருந்தார். அதைக் கேட்டுச் சிரிக்காமல், கையை விட்டுப் பார்த்து எழுதி வைக்க ஒரு உத்தியோகத்தரும் இருந்தார். நான் பார்த்த ஊர்களில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அன்றிலிருந்து அந்த வேலையை நாட்கூலி வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

அப்படி நினைத்ததுதான் வினையாகவும் போனது. எனக்கும் சட்டம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

றஹ்மத்தும்மா கைம்பெண். இடியப்பம் அவித்து விற்று ஒரே மகள் நஸ்ரினை வளர்த்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. றஹ்மத்தும்மாவிடம் இருந்தது கோட்டுக்குக் கடல் பக்கம் நின்ற அந்த ஒரு வீடுதான். நஸ்ரினுக்கு மாப்பிள்ளை சரிவந்து, அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் ராத்தா முன் சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன மாமி, சுவர் கோணிப்போய் இரிக்கி. கடல் பக்கமா ஓடப் பாக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் றஹ்மத்தும்மாவின் தம்பி அச்சிமுகம்மது என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"காக்கா, ராத்தாட ஊட்டுச் சுவரக் கொஞ்சம் திருத்தப் போறம். கந்தோரால பிரச்சினை வருமா?"

நான் காலுக்கு மேல் கால் போட்டிருந்தேன். "திருத்துறதுக்கு என்ன பிரச்சினை? தாராளமாத் திருத்துங்க."

"கடிதம் கிடிதம் குடுக்கணுமா?"

"ஒண்டும் வேணாம். நான் இரிக்கன்தானே."

எப்படித் திருத்தப் போகிறாய் என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் கலியாண வீட்டைத் திருத்துவது என்றால் பூச்சுப் பூசி வெள்ளை அடிப்பது அல்ல. மாப்பிள்ளை வீட்டார் குறை சொன்ன இடத்தை இருந்த அடையாளமே இல்லாமல் ஆக்குவது. அதைச் சொந்தக்காரர்கள் கூடி ஒரே மூச்சில் செய்வதுதான் பெருமை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரம் என் வாயில் இருந்தது கந்தோர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கூடினார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குள் முன் சுவரும் தென் சுவரும் தரையில். நடுச்சுவரிலும் பாதி போய்விட்டது. கூரையைத் தென்னங்குற்றிகளில் தாங்கவிட்டு, சோறு சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அந்த வழியாகச் சைக்கிளில் போனேன். றஹ்மத்தும்மா சுவரில்லாத மண்டபத்தில் இருந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். "வாங்க காக்கா, பாருங்க, கடல் காத்து நேர உள்ளுக்கு வருது" என்று சிரித்தார். நான் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. கண்ணாலேயே அளந்தேன். அரைவாசிக்குக் கிட்ட. கூடவா குறையவா என்று கண் சொல்லவில்லை.

நேரே ஹாஜரா மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். அவர் வளவில் உடுப்புக் காயவிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை, தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னது உட்பட, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டு மடிப்பை நீவிவிட்டார்.

"திங்கள் போவம். அதுவரைக்கும் ஒரு கல்லு வைக்கவும் வேணாம், ஒரு கல்லு எடுக்கவும் வேணாம் எண்டு சொல்லுங்க."

"இப்பவே வந்து பாத்தா நல்லம் மிஸ்."

"இண்டைக்கு வந்தா தேத்தண்ணி தருவாங்க காக்கா."

அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வாயால் ஒரு குமரின், கலியாணத்துக்கு நிற்கும் பெண்ணின், வீடு போகப் போகிறது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கலியாண நாள் வேறு குறித்தாயிற்று. உள்ளூருக்குள் ஒரு வளவு வாங்க றஹ்மத்தும்மா எத்தனை உரல் மா இடித்தாலும் முடியாது.

திங்கள் காலை மிஸ் வந்தார். அவர் எந்த வீட்டுக்கும் உடனே உள்ளே போகமாட்டார். முதலில் இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். அன்றும் அப்படித்தான் நடந்தார். சுவர் முடிந்த இடத்திலும் கையைக் கீழே போடவில்லை. சுவர் நின்றிருந்த வெறும் காற்றிலேயே அதே உயரத்தில் கையைக் கொண்டு போய், மற்ற மூலையில் நிற்கும் சுவரில் மீண்டும் வைத்தார். றஹ்மத்தும்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

பிறகு அளவு. யன்னல் கட்டை உயரத்துக்கு மேல் நிற்கிற சுவர்தான் கணக்கு. நான் முனையைப் பிடிக்க, அவர் மற்றப் பக்கம் வாசிப்பார். அவர் சொன்ன எண்ணை நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதுவார். எப்போதும் பென்சில். கடல் காற்றின் ஈரத்தில் பேனை பரவும் என்பார். வடக்குச் சுவர், பின் சுவர், எல்லாம் முடிந்து நடுச்சுவரில் மிஞ்சிய பாதிக்கு வந்தோம். அதன் முனை உடைந்து பற்களாக நின்றது. நான் ரேப்பை அந்தப் பல்லுக்கு அப்பால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பெருவிரலால் மறைத்தேன். அத்தனை வருடத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் செய்ததில்லை.

மிஸ் மற்ற முனையில் குனிந்திருந்தார். நிமிரவே இல்லை.

"காக்கா, பெருவிரல எடுங்க."

எடுத்தேன்.

"சுவர் எங்க முடியிது?"

"இங்க மிஸ்."

"அப்ப அங்க பிடிங்க."

கூட்டினார். மூன்று தரம் கூட்டினார். அரைவாசிக்கு ஒன்றரை அடி குறைவு.

அச்சிமுகம்மது முன்னுக்கு வந்தான். "மிஸ், ஒண்டரை அடிதானே. ஒண்டரை அடிக்காக ஒரு குமர நடு ரோட்டுல உடுறதா?"

"ஒண்டரை அடிய நான் உட்டா, அடுத்த வளவுக்காரன் மூணு அடி கேப்பான் தம்பி. அவனுக்கும் குமர் இரிக்கி."

"உங்களுக்குக் கல்லு மனசு."

"கல்லத்தானே தம்பி நான் அளக்க வந்த."

நஸ்ரின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நடுச்சுவர் பாதி இல்லாததால் சாத்திய கதவுக்குப் பக்கத்தில் அவள் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் தலை குனிந்து ரேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மிஸ் போகவில்லை. பழைய வீட்டுப் புத்தகத்தைச் சாக்குக் கட்டிலில் விரித்து, அந்த வளவின் பக்கத்தை மறுபடி பார்த்தார். பெரிய சேர் கீறிய படம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதன் மூன்று பக்கம் புள்ளிக் கோடு, ஒரு பக்கம் தடித்த கோடு.

"காக்கா, இந்தப் படத்துக்கு ரேப் பிடிச்சது நீங்கதானே. இது என்ன?"

நான் குனிந்து பார்த்தேன். அலைக்குப் பிந்திய அந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில் இருப்பதில்லை. நானும் நினைக்க விரும்புவதில்லை. ஆனால் பெரிய சேரின் வழக்கத்தைக் கை மறக்கவில்லை. விழுந்த சுவருக்குப் புள்ளி, நிற்கிற சுவருக்குத் தடித்த கோடு.

"குசினி மிஸ். அலை கொண்டு போன அடுப்படி. ஒரு சுவர் மட்டும் நிண்டிரிக்கணும்."

"எங்க அது?"

வடக்குப் பக்கம் இருந்தது பக்கத்து வளவோடு ஒட்டிய மதில் மட்டும்தான். "அது இப்ப மதில் மகள்" என்றார் றஹ்மத்தும்மா. "எங்கட கோழி அடையிற இடம்." அதன் மேல் கிழிந்த வலையும் கிடுகு ஓலையும் தேங்காய் மட்டையும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மிஸ் ஒரு கிடுகை இழுத்தார். அடுத்ததை நான் இழுத்தேன். அச்சிமுகம்மதுவும் வந்தான். கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன. எல்லாம் அள்ளியபின் வெயிலுக்கு வந்தது ஒரு பழைய சுவர். வீட்டின் வடக்குச் சுவர் முடிகிற மூலையிலிருந்து அதே நேரில் பின்னால் ஓடி நின்றது.

இனித்தான் கேள்வி. வீடு கட்டியபிறகு யாரோ ஒட்டி வைத்த மதிலா, அல்லது வீட்டோடு பிறந்த சுவரா? மதில் என்றால் கணக்கில் வராது. அதை அறிய ஒரே வழி மூலை. பிறகு ஒட்டிய சுவர் என்றால் இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை நேர் வெடிப்பு இருக்கும். ஒன்றாகக் கட்டியது என்றால் இந்தச் சுவரின் கல் அந்தச் சுவருக்குள் கடித்துப் போயிருக்கும், இரண்டு கையின் விரல்களைக் கோத்த மாதிரி.

மூலையில் நேர் வெடிப்பு இருந்தது. மேலிருந்து கீழ்வரை.

அதைக் கண்டதும் நான் திரும்பி நின்றேன். மிஸ் தன் வீட்டுத் திறப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கையில் எடுத்தார். வெடிப்பின் மேல் சுரண்டினார். அலைக்குப் பிறகு பூசிய பூச்சு உதிர்ந்தது. இன்னும் சுரண்டினார். உதிர்ந்த சுண்ணாம்புக்கு உள்ளே கறுப்பு. முதலில் பாசி என்று நினைத்தேன். மிஸ் விரலால் தொட்டு வெயிலில் பிடித்தார்.

"கரி" என்றார்.

றஹ்மத்தும்மா கிட்ட வந்தார். தன் விரலையும் அந்தக் கறுப்பில் வைத்தார். "இந்தப் பக்கம்தான் அடுப்பு" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. "கலியாணம் முடிச்ச புதுசுல புகை கண்ண எரிக்கும். அவரு வந்து யன்னலத் திறந்து உடுவாரு." அலையில் போன தன் கணவனைப் பற்றி அந்த அம்மா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மிஸ் நிறுத்தவில்லை. கரிக்குப் பின்னால் கல் தெரிந்தது. வெடிப்பு பூச்சில்தான் இருந்தது, கல்லில் இல்லை. முதல் கல் வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது. அடுத்தது அங்கிருந்து இங்கே வந்திருந்தது. மூன்றாவது மறுபடி உள்ளே. அவர் பென்சிலின் கூரை ஒவ்வொரு சேர்க்கையிலும் வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. மணல்வரை குந்தியிருந்து சுரண்டினார், கறுப்பு அபாயாவின் கீழ்ப்பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. நோன்பு வாய் உலர்ந்து உதடு ஒட்டியிருந்தது. கடைசிக் கல்லும் கடித்தே நின்றது.

கடல் நான்கு சுவரில் மூன்றைக் கொண்டு போனது. கூரையைக் கொண்டு போனது. அந்த வீட்டு மனுசரைக் கொண்டு போனது. விட்டுப்போன இந்தச் சுவரை இத்தனை காலம் கோழிக்கு என்று விட்டுவிட்டார்கள். அது மட்டும் வீட்டைக் கடித்த பிடியை விடாமல் நின்றிருக்கிறது. ஒரு மனிதனுக்குக்கூட அப்படி நிற்க முடியுமா என்று தெரியவில்லை. நான் எங்கும் நிற்காதவன்.

"ரேப்பப் பிடிங்க காக்கா" என்றார் மிஸ்.

பிடித்தேன். பெருவிரலை விலக்கியே பிடித்தேன். அரைவாசியைத் தாண்டிப் பல அடி கூடியது.

அவர் எழுதிய அறிக்கையில் எல்லாம் இருந்தது. மூலைக் கற்கள், கரி, பெரிய சேரின் படம். கந்தோர் ஊழியர் ஒருவர் அதிகாரமில்லாமல் கொடுத்த வாய்ச்சொல்லை நம்பித்தான் வீட்டுக்காரர் சுவரை உடைத்தார் என்றும் இருந்தது. அனுமதி கொடுக்கும் குழுவில் கையெழுத்தாகி வந்தபோது எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மிஸ் அதைத் தானே என் கையில் தந்தார்.

"கோவமா காக்கா?"

"பொய்யா எழுதியிருந்தாத்தானே மிஸ் கோவம்."

அந்தக் கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கந்தோர் என் பெயரை முழுசாக எழுதி எனக்குத் தந்த முதல் கடிதமும் அதுதான்.

அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விழுந்த சுவரைப் பழைய அத்திவாரத்தில், பழைய உயரத்தில், பழைய இடத்தில் கட்ட வேண்டும். ஒரு விரல் முன்னுக்கு வந்தாலும் அது புதுக் கட்டடம். பழைய இடம் என்றால் பழைய கோணல். மேசன் கலீல் நூல் கட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டான்.

"என்னால ஏலா. ஊர்ல நாலு பேர் பாத்தா, கலீலுக்குக் கண் பழுது எண்டு சொல்லுவாங்க. ஒரு சாண் இழுத்தா நேராயிரும் மிஸ்."

"ஒரு சாண் இழுத்தா சட்டத்துக்கு வெளிய போயிரும் கலீல். கோணலாக் கட்டுங்க. ஆனா ஒழுங்காக் கோணலாக் கட்டுங்க."

அவன் மூலைமட்டத்தைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். ஒவ்வொரு வரிசைக்கும் நான் போய் அளந்தேன். தான் கட்டிய நேரான சுவர் எதற்கும் இவ்வளவு கஷ்டப்படவில்லை என்று பிறகு சொன்னான். தூக்குக்குண்டு பிடித்தால் அந்தச் சுவர் இன்றும் நூல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஓடுகிற திசைதான் கோணல்.

மாப்பிள்ளையின் ராத்தா மறுபடி வந்து பார்த்தார். "என்ன மாமி, உடைச்சும் கோணல்தானா?"

"ஓம் புள்ள" என்றார் றஹ்மத்தும்மா. "முந்தி சும்மாக் கோணல். இது கந்தோர் வந்து நிண்டு பாத்துக் கட்டின கோணல்."

மாப்பிள்ளை சுவரைப் பார்க்கவில்லை, நஸ்ரின் நின்ற யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அச்சிமுகம்மது பிறகு ஊர் முழுக்கச் சொன்னான். கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹாஜரா மிஸ் வந்தார். பைல் மூடியிருந்தது. இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார், வீட்டார் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள்.

அந்த வருடத்திலிருந்து றஹ்மத்தும்மா பின்னால் இருந்த அந்தச் சுவரில் ஒரு விறகுகூடச் சாய்க்க விடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது முதல் சுண்ணாம்பு அதற்குத்தான். மூலையில் மிஸ் சுரண்டிய இடத்தில் மட்டும் பூச விடமாட்டார். கல் தெரிய வேண்டுமாம்.

இதைத்தான் இர்பானிடம் சொன்னேன். பிறகு இருவரும் அங்கே போனோம். அவர் மூலைக்குப் போய்க் குந்தியிருந்து, கல்லுக்குக் கல் விரல் வைத்துக் கீழ்வரை பார்த்தார். நான் அவருக்கு அதைச் சொல்லவே இல்லை. தானாகச் செய்தார். எழும்பித் திரையைத் தட்டினார். முன் சுவருக்குப் போட்ட சிவப்பு போனது. வெள்ளைக் கோட்டுக்குப் போட்ட சிவப்பு போகவில்லை.

"இது என்ன எண்டு கேக்குது காக்கா. ரெண்டு பெயர்தான் குடுத்திரிக்கி. மதில், வீடு. ஒண்டத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்." அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "கூரை இல்ல, கதவு இல்ல. ஆரும் இதுக்குள்ள இருக்கவும் இல்ல."

றஹ்மத்தும்மா தேத்தண்ணியோடு பின்வாசலில் நின்றார். வயதாகிக் காது மங்கிவிட்டது, நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் நஸ்ரினின் பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம் வந்தது.

"வீடு எண்டு தொடுங்க" என்றேன். "மத்ததெல்லாம் இதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிது."